பிறந்த முடி

டிக்கெட் எந்திரத்துக்கு முன்னால் வந்து நின்றபோது பிள்ளை துப்பட்டாவின் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தான். எந்திரம் முதல் தடவை மக்கர் செய்தது, அடுத்த தடவை திரை அப்படியே நின்றுபோனது, பிறகு ஒருவழியாகச் சீட்டைத் துப்பியது. விஷ்ணுப்ரியா சீட்டை உருவிக்கொண்டு திரும்பினாள். துப்பட்டாவின் நுனி தரையில் புரண்டுகொண்டிருந்தது. பிள்ளையைக் காணோம்.

புரட்டாசி வெள்ளிக்கிழமை, மாலை ஆறு ஆகப்போகிற நேரம். மேலே கடைவீதியில் தீபாவளித் துணி எடுக்க வந்த கூட்டம் எள் போட்டால் கீழே விழாது என்கிற கதியில் இருந்தது. இடிபட்டுக் களைத்த சனம் கட்டைப்பைகளோடு படியிறங்கி, சுரங்க மெட்ரோ நிலையத்துக்குள் வந்துகொண்டே இருந்தது. ரயிலுக்கு வந்தவர்கள் பாதி, ஏசிக் காற்றுக்கு வந்தவர்கள் பாதி.

அங்கே கூட்டக் காவலுக்குப் போடப்பட்டிருந்தவள் சப்-இன்ஸ்பெக்டர் தையல்நாயகி. குரோம்பேட்டைக்காரி. ஓரிடத்தில் நில் என்றால் அவளுக்கு உடம்பெல்லாம் அரிக்கும். நிலையத்தைச் சுற்றிச் சுற்றி வந்தவள், எதிரே ஒரு பெண் குனிந்து வருவதைப் பார்த்தாள். மற்றவர்கள் எதிர்ப்படும் முகங்களைப் பார்த்து வழிவிட்டு நடக்க, இவள் மட்டும் ஆட்களின் முழங்கால் உயரத்தில் பார்த்துக்கொண்டு வந்தாள். என்ன தொலைந்தது என்று தையல்நாயகி கேட்கவில்லை.

"பையனா, பொண்ணா?"

"பையன். நிதிலன். நிதின்னு கூப்ட்டா திரும்புவான்."

"வயசு?"

"மூணு. ப்ளூ டீ-ஷர்ட், வெள்ளை டிராயர். முடி நீளம் மேடம், தோள் வரைக்கும் இருக்கும். உச்சில கொண்டை போட்டிருந்தேன். நாளைக்கு காலைல திருநீர்மலைல மொட்டை."

"யாரு கூட வந்தீங்க?"

"எங்க அண்ணன். அதோ."

ஸ்கேனர் வரிசையிலிருந்து இரண்டு கையிலும் பைகளோடு ஒருவன் ஓடிவந்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பெயர் ஸ்ரீநிவாசன். விவரம் கேட்டதும் பைகளைக் கீழே போட்டுவிட்டு, தலையில் கைவைத்துக்கொண்டான். விஷ்ணுப்ரியா அவன் தோளில் தொங்கிய தன் கைப்பையைப் பிடுங்கித் தரையில் கவிழ்த்தாள். சாவி, சீப்பு, பிஸ்கட் பாக்கெட், ஒரு சின்ன நீலச் சாக்ஸ்.

"என்ன தேடறீங்க?"

"சிரப். மேடம், அவனுக்குக் காய்ச்சல் வந்தா ஃபிட்ஸ் வரும். போன மாசம் வந்துச்சு. காலைலருந்து உடம்பு லேசா சுடுது, ஆறு மணிக்கு மருந்து குடுக்கணும். இதுலதான் வச்சேன். கடைல எடுத்தேனா... எனக்குத் தெரியல. எனக்கு எதுவுமே தெரியல."

தையல்நாயகி அவள் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு எழுந்தாள்.

நிலையக் கட்டுப்பாட்டாளர் ஜெரோம் நிதானமான ஆள், அவசரத்திலும் சட்டைக் காலரைச் சரிசெய்துகொள்வார். அறிவிப்பு போனது. படிகளிலும் லிஃப்ட்டிலும் பாதுகாவலர்கள் நின்று ஒவ்வொரு குழந்தையையும் பார்த்தார்கள். நீலச் சட்டைக் குழந்தைகள் கிடைத்தார்கள். எல்லோருக்கும் கிராப்பு வெட்டியிருந்தது, எல்லோருக்கும் அப்பா அம்மா பக்கத்திலேயே இருந்தார்கள்.

"பிளாட்ஃபாரம்?" என்றாள் தையல்நாயகி.

"கண்ணாடிக் கதவு போட்டிருக்கு மேடம். டிராக்ல விழ வழியே இல்ல. ரயில் ஏறினவங்களையும் பாத்துட்டோம். நீலச் சட்டைல சின்னக் குழந்தை ஏறல."

"வெளிய போற படி?"

"அதுலயும் இல்ல. டிக்கெட் மெஷின் கேமரால பாத்தா தலைங்கதான் தெரியுது. மூணு அடி உயரத்துல நடக்கறது தெரியல."

விஷ்ணுப்ரியா கட்டுப்பாட்டு அறையின் வாசலில் நின்று தன் துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள். விரல் வெளுத்துவிட்டது. பக்கத்தில் ஸ்ரீநிவாசன் அவள் தோளைப் பிடித்தபடி நின்றான்.

"நான் திரும்பிப் பாத்திருக்கணும். மெஷினைப் போய் பாத்துகிட்டு நின்னேன். என் தப்புதான் அண்ணா."

"விடு பிரியா. அப்படிச் சொல்லாத."

"எங்க போறதா இருந்தீங்க?" என்று தையல்நாயகி குறுக்கே கேட்டாள்.

"அஸ்தினாபுரம் மேடம். வீட்டுக்கு."

"குரோம்பேட்டைல இறங்கணும். மாம்பலம் ஸ்டேஷன் இங்கருந்து நடக்கற தூரம்தானே. நேரா ஒரே வண்டி. மெட்ரோல சுத்திப் போய், மாறி, மறுபடி மாறி... எதுக்கு?"

"நிதிக்குக் கண்ணாடிக் கதவு ரயிலைக் காட்டலாம்னு அண்ணன்தான் சொன்னாரு."

தினமும் அந்தப் பாதையில் போய்வருகிறவள் என்பதால் தையல்நாயகிக்கு அது உறுத்தியது. ஆனால் குழந்தைக்கு ரயில் காட்டுகிற மாமன்களுக்கா ஊரில் பஞ்சம்? விட்டுவிட்டாள்.

"அப்பா எங்க?"

"நாங்க ஒரு வருஷமா பிரிஞ்சு இருக்கோம். அவரு கதிரேசன், மறைமலை நகர்ல ஒரு பார்ட்ஸ் கம்பெனில ஷிஃப்ட். அவருக்கும் எனக்கும் மொட்டை விஷயத்துல சண்டை இல்ல. அவங்க வீட்லதான், குலதெய்வத்துக்குத்தான் முதல் முடி இறக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கறாங்க. அதுலயே இவ்ளோ நாள் தள்ளிப் போச்சு. இனிமே என் இஷ்டப்படி செய்யறேன்னு நாளைக்கு நாள் குறிச்சேன்."

"மேடம்," என்று ஸ்ரீநிவாசன் தொண்டையைச் செருமினான். "இந்தக் காலத்துல கும்பல் கும்பலா சுத்தறாங்களாம். அடையாளம் தெரியக்கூடாதுன்னு முடிய வெட்டியிருப்பாங்களோ?"

விஷ்ணுப்ரியா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "வாய மூடு அண்ணா. அப்படில்லாம் பேசாத."

ஆனால் பேச்சு அங்கே நிற்கவில்லை. தையல்நாயகியின் போனில் இருந்த இன்ஸ்பெக்டர் அப்பாதுரையின் காதிலும் விழுந்துவிட்டது. அவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "கரெக்டுமா. கொண்டையத் தேடினா எப்படிக் கிடைப்பான்? மொட்டைத் தலைக் குழந்தையத் தேடச் சொல்லு. மாம்பலம், சைதாப்பேட்டை, பஸ் ஸ்டாண்டு எல்லாத்துக்கும் நான் சொல்லிடறேன்."

புரட்டாசி மாதம். திருப்பதிக்குப் போய்வந்த குடும்பங்கள் ஊரெல்லாம் திரிகிற மாதம். மாம்பலத்தில் ஒரு மொட்டைக் குழந்தையைப் பிடித்தார்கள், அது பெண். சைதாப்பேட்டையில் இன்னொன்றைப் பிடித்தார்கள். அதன் தகப்பனுக்கும் தாத்தாவுக்கும் அதே மொட்டை, அதே சந்தனம். அந்தத் தாத்தா போலீஸ்காரரைத் திட்டிய திட்டு வாக்கி-டாக்கியில் நிலையம் வரைக்கும் கேட்டது. இதற்குள் அரைமணி போய்விட்டது.

தையல்நாயகியால் உட்கார முடியவில்லை. கட்டுப்பாட்டு அறைக்கும் டிக்கெட் எந்திரத்துக்கும் நடந்துகொண்டே இருந்தாள். காய்ச்சல் ஏறுகிற குழந்தை, மருந்து இல்லை. ஒவ்வொரு நடைக்கும் அந்த நினைப்பே முன்னால் வந்து நின்றது.

துப்புரவுப் பணியாளர் செல்வமேரி அவளை வழிமறித்தாள். கையில் ஒரு நீலச் சட்டையும் வெள்ளை டிராயரும்.

"மேடம், லேடீஸ் டாய்லெட்டு கடைசி ரூம்ல இது கீது. நீங்கோ தேட்றது இதானா பாருங்கோ."

தையல்நாயகி இரண்டையும் வாங்கிக்கொண்டாள். "எப்படி இருந்துச்சு? தரைலயா, குப்பைத் தொட்டிலயா?"

"ரெண்டும் இல்ல. ஃபிளஷ் டேங்கு மேல மடிச்சி வச்சிருந்துச்சு. இன்னா அழகா மடிச்சிருக்குது பாருங்கோ, கடைல வாங்கினு வந்தாப்ல."

"எவ்ளோ நேரமா அந்த ரூம் மூடியிருந்துச்சு?"

"எங்க கவனிக்கிறது? ஒரே கூட்டம். வெளிய நிக்கிறவங்கோ கதவத் தட்டிகினே கீறாங்கோ. உள்ள போனவங்கோ அரக்கப்பரக்க வந்துட்றாங்கோ."

"வேற என்ன கிடந்துச்சு?"

"ஒண்ணுமில்ல. மல்லிப்பூ ரெண்டு, கொஞ்சம் நாரு. வெள்ளிக்கெழம மேடம், எல்லா ரூம்லயும் அதான் கூட்டிகினு கீறேன்."

"முடி?"

"இன்னா முடி?"

"வெட்டின முடி. தோள் வரைக்கும் இருக்கற குழந்தை முடி."

"ஒரு இழை கெடயாது. வெள்ளை டைல்ஸ் மேடம், ஒரு மயிரு கெடந்தாலும் சூப்பர்வைசர் என்னிய இன்னாம்பாரு."

தையல்நாயகி அந்தக் கழிப்பறைக்கே போய்ப் பார்த்தாள். மண்டியிட்டு மூலைகளைப் பார்த்தாள், வடிகால் சல்லடையைத் தூக்கிப் பார்த்தாள். செல்வமேரி சொன்னது சரிதான். உடை மாறியிருக்கிறது, தலையில் கை வைக்கவில்லை.

அங்கேயே குத்துக்காலிட்டு யோசித்தாள். கொண்டைதான் அந்தப் பிள்ளையின் பெரிய அடையாளம். பிள்ளை பிடிக்கிறவனுக்குச் சட்டையை மாற்ற நேரம் இருந்தால் கத்திரி போட நேரம் இருக்காதா? ரெண்டு வெட்டு போதும். வெட்டவில்லை என்றால் வெட்ட மனசு வரவில்லை. முதல் முடி சாமிக்கு நேர்ந்தது, அதில் கத்திரி பட்டால் குற்றம் என்று நினைக்கிற ஆள். அப்படிப்பட்ட ஆள் நீள முடியோடு ஒரு பையனை, போலீஸ் தேடுகிற ஒரு பையனை, எப்படி வெளியே கொண்டுபோவாள்?

மல்லிப்பூ. நார்.

அவள் எழுந்த வேகத்தில் செல்வமேரியின் வாளி கவிழ்ந்தது.

"ஜெரோம் சார், வெளிய போற படிக் கேமராவை மறுபடி போடுங்க. பொண்ணுங்களக் காட்டுங்க."

"பையனைத்தானே காணோம் மேடம்?"

"பொண்ணுங்களக் காட்டுங்க. பாவாடை கட்டினது, பூ வச்சது."

மொட்டைக்கு முன்னால் பையனுக்குச் சடை பின்னி, பூ வைத்து, பாவாடை கட்டி, ஸ்டுடியோவில் ஒரு படம் எடுத்து வைக்காத வீடு இந்தப் பக்கம் குறைவு. பையன் மீசை முளைத்த பிறகு அந்தப் படத்தை ஒளித்துவைக்கப் படாதபாடு படுவான். தையல்நாயகியின் சொந்தத் தம்பியே கல்யாணத்தன்று அப்படி ஒரு படத்தைக் கிழிக்கப் பார்த்து மாட்டிக்கொண்டான். அது ஞாபகம் வர இவ்வளவு நேரமா என்று அவளுக்கு அவள்மேலேயே கோபம் வந்தது.

மூன்று பெண் குழந்தைகளைத் தாண்டி நான்காவது வந்தது. பச்சைப் பட்டுப்பாவாடை, தலை நிறைய மல்லிகை. முந்தானையை முக்காடாக இழுத்துவிட்ட ஒரு பெண்ணின் இடுப்பில் உட்கார்ந்து, அவள் தோளில் தலை சாய்த்து, பிஸ்கட் தின்றுகொண்டே போனது. அழவில்லை, திமிறவில்லை.

விஷ்ணுப்ரியாவைக் கூப்பிட்டாள். அவள் திரையருகே வந்தாள், ஒருமுறைதான் பார்த்தாள்.

"நிதி."

"நல்லாப் பாருங்க."

"என் பிள்ளை எனக்குத் தெரியாதா மேடம்? அது நிதி. தூக்கிட்டுப் போறது..." முகத்தைத் திரைக்கு இன்னும் கிட்டே கொண்டுபோனாள். "இப்படி ஒரு பக்கமா சாஞ்சு நடக்கறது தனக்கோடி அண்ணி. என் வீட்டுக்காரரோட அக்கா."

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். உயிர் வந்த மாதிரியும் இருந்தது, போன மாதிரியும் இருந்தது அவள் முகம். பிள்ளை தெரிந்த கையில் இருக்கிறான். ஆனால் மருந்து இல்லாத கையில் இருக்கிறான்.

கதிரேசனுக்குப் போன் போட்டார்கள். பின்னால் எந்திரங்களின் இரைச்சல். "எங்கக்காவா? மேடம், சத்தியமா எனக்குத் தெரியாது. அக்கா போன் ஸ்விட்ச் ஆஃப்ல இருக்கு. நான் லீவு சொல்லிட்டு இப்பவே கிளம்பறேன். பிரியாகிட்ட சொல்லுங்க, நான் இதுல இல்லன்னு." அந்தக் குரலில் பொய் இருப்பதாகத் தையல்நாயகிக்குப் படவில்லை.

அப்பாதுரைக்கு விஷயம் போனதும் அவர் குரல் லேசானது. "அப்ப குடும்பச் சண்டை. குலதெய்வம் எந்த ஊரு? அச்சிறுபாக்கத்துக்கு அந்தாண்டயா? அங்க ஸ்டேஷனுக்குச் சொல்லிடறேன். விடிஞ்சா கோயில்ல புடிச்சுடலாம்."

"விடியற வரைக்கும் குழந்தை தாங்கணுமே சார்," என்று தையல்நாயகி வைத்துவிட்டாள்.

ஸ்ரீநிவாசன் அதற்குள் பைகளைச் சேர்த்து ஒரு மூலையில் வைத்துவிட்டுக் கிளம்பத் தயாராக நின்றான். "நான் வண்டி புடிச்சு நேரா அந்த ஊருக்கே போயிடறேன் மேடம். எனக்கு வழி தெரியும். விடியறதுக்குள்ள பிள்ளையோட வர்றேன். நீ வீட்டுக்குப் போ பிரியா. நான் பாத்துக்கறேன்."

விஷ்ணுப்ரியா அண்ணனின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவன் கதவுப் பக்கம் திரும்பினான்.

"உக்காருங்க ஸ்ரீநிவாசன்," என்றாள் தையல்நாயகி.

"நேரமாகுது மேடம்."

"உக்காருங்கன்னேன்."

உட்கார்ந்தான். தையல்நாயகி நிற்கவில்லை. அந்தச் சின்ன அறையில் அவன் நாற்காலியைச் சுற்றிச் சுற்றி நடந்தாள்.

"இந்தப் பையனுக்கு எத்தனை மாமன்?"

"நான் ஒருத்தன்தான்."

"ஒண்ணுவிட்டது, ரெண்டுவிட்டது?"

"இல்ல மேடம்."

"அந்தம்மா இவ்ளோ பாடுபட்டுக் குழந்தையத் தூக்கிட்டுப் போனது குலதெய்வத்துக்கு முடி இறக்க. அப்படித்தானே? முடி இறக்கறப்ப குழந்தை யார் மடில உக்காரணும்?"

ஜெரோம் காலரிலிருந்து கையை எடுத்தார்.

"சொல்லுங்க. தாய்மாமன் மடி இல்லாம முதல் முடி இறக்குவாங்களா? பிறந்த முடில கத்திரி படக்கூடாதுன்னு பாவாடை வாங்கிப் பூ வாங்கிப் பின்னிவிட்ட பொம்பள, மாமன் இல்லாம குழந்தைய நாவிதர் முன்னால உக்கார வைப்பாளா? மாட்டா. நீங்க வருவீங்கன்னு தெரிஞ்சுதான் அவ தூக்கியிருக்கா."

"மேடம், எங்க அண்ணனப் பத்தி..." என்று விஷ்ணுப்ரியா எழுந்தாள்.

"கொஞ்சம் பொறுங்கம்மா. உங்க கைப்பை யார் தோள்ல இருந்துச்சு? நீங்க டிக்கெட் எடுத்தப்ப."

"அண்ணன்கிட்டதான் குடுத்தேன்."

"அதுலருந்து சிரப் காணாமப் போச்சு. பிள்ளை பிடிக்கறவன் பிள்ளையத்தான் எடுப்பான். ஆறு மணிக்கு மருந்து குடுக்கணும்னு ஞாபகமா பாட்டிலையும் எடுக்க மாட்டான். அந்த மருந்து அப்பவே குழந்தையோட போயிடுச்சு. உங்க நாத்தனாருக்கு உங்க பை கைக்கு எட்டாது. எட்டின ஆள் இவரு ஒருத்தர்."

விஷ்ணுப்ரியா அண்ணனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

தையல்நாயகிக்குக் கோபம் இப்போதுதான் தலைக்கேறியது. "மாம்பலத்துல ஏறாம இங்க கூட்டிட்டு வந்தது ஏன்னு எனக்கு அப்பவே உறுத்துச்சு. கேமரா இருக்கற இடத்துல எவனாவது பிள்ளையத் திருடுவானா? திருட மாட்டான். ஆனா இங்க தண்டவாளத்துல விழ முடியாது, கழிப்பறை சுத்தமா இருக்கும், ஏசி இருக்கும். மாட்டிக்குவோமோங்கற பயத்த விட, கூட்டத்துல பிள்ளைக்கு ஏதாவது ஆயிடுமோங்கற பயம் உங்களுக்கு ஜாஸ்தி. சட்டையைக்கூட அந்தம்மா மடிச்சு வச்சிருக்கு, வெளிய கதவத் தட்டின அவசரத்துல எடுக்க மறந்துட்டுப் போயிருக்கு. இவ்ளோ பாசமா எவனும் திருடி நான் பாத்ததில்ல."

"நான் திருடல மேடம்."

"முடிய வெட்டியிருப்பாங்களோன்னு முதல்ல சொன்னது யாரு? உங்க தங்கச்சி அதக் கேட்டதும் காதப் பொத்திகிட்டாங்க. மூணு வருஷமா கத்திரி படாம காத்த தலை. நிஜமாவே வெட்டியிருப்பாங்கன்னு நினைச்சா உங்க வாய்ல அந்த வார்த்தையே வந்திருக்காது. வெட்டலன்னு தெரிஞ்சதாலதான் அவ்ளோ லேசா சொன்னீங்க. நாங்களும் மொட்டையத் தேடி ஊரெல்லாம் அலைஞ்சோம். எங்க இருக்கா அந்தம்மா?"

ஸ்ரீநிவாசன் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். விரல் இடுக்கில் குரல் வந்தது.

"தாம்பரத்துல. பிளாட்ஃபாரத்துல. நான் வந்து சேர்ற வரைக்கும் அங்கதான் இருப்பாங்க."

"மருந்து?"

"குடுத்திருப்பாங்க. எப்ப, எவ்ளோன்னு எழுதி பாட்டில்ல ஒட்டிக் குடுத்தேன்."

ஜெரோம் அதற்குள் தாம்பரம் ரயில்வே போலீசுக்குப் போன் போட்டுவிட்டார். விஷ்ணுப்ரியா மட்டும் அசையவில்லை.

"பிரியா, கேளு," என்றான் அண்ணன். "வலிப்பு வந்து அவன் கண்ணு மேல சொருகினப்ப என் கைலதான கிடந்தான்? நீ ஆபீஸ்ல இருந்த. ஆஸ்பத்திரி போற வழியெல்லாம் ஆட்டோல நான் வேண்டிகிட்டே போனேன். குலதெய்வக் குத்தம்னு அந்தம்மா சொன்னப்ப எனக்கு மறுத்துப் பேசத் தைரியம் இல்ல. டாக்டர் சாதாரணம்னு சொன்னாரு, சரி. மறுபடி வந்துட்டா? உன்கிட்ட சொன்னா ஒத்துக்க மாட்ட. காலைல முடி இறக்கிட்டு, மத்தியானம் உன் கைல கொண்டுவந்து குடுத்துடலாம்னு..."

"எனக்குத் தெரியாம முடி இறக்கப் பாத்தது கூடப் பரவால்ல அண்ணா," என்றாள் அவள். சத்தமே இல்லாத குரல். "மெஷின் கிட்ட நீ எனக்கும் அவனுக்கும் நடுவுல பையோட வந்து நின்ன. இப்ப ஞாபகம் வருது. அதுக்கப்புறம் நான் முழங்காலு முழங்காலா தேடினேன். என் தப்பு என் தப்புன்னு அடிச்சுகிட்டேன். நீ என் தோளைப் புடிச்சுகிட்டு, விடு பிரியான்னு சொன்ன."

தையல்நாயகி இருவரையும் தாம்பரத்துக்குக் கிளப்பினாள்.

வெள்ளிக்கிழமை மாலையில் ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் ஜீப்பை நம்புகிறவள் அல்ல அவள். மூவரும் ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் நீந்தி மாம்பலத்தில் மின்சார ரயிலைப் பிடித்தார்கள். விஷ்ணுப்ரியா உட்காரவில்லை. சைதாப்பேட்டை, கிண்டி என்று ஒவ்வொரு நிலையத்திலும் வண்டி நிற்கும்போது அவள் கம்பியை இறுக்கிப் பிடித்தாள், புறப்படும்போது விட்டாள். குரோம்பேட்டை வந்தபோது அவள் வீட்டுப் பக்கத்துப் பெண்கள் இரண்டு பேர் அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு இறங்கினார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை.

தாம்பரத்தில் நடைமேடை நடுவே ஒரு சிமெண்ட் பெஞ்சு. ரயில்வே பெண் காவலர் ஒருத்தி பக்கத்தில் நிற்க, தனக்கோடி குழந்தையை மடியில் போட்டு முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். இவர்களைக் கண்டதும் எழுந்தாள். ஓடவும் இல்லை, கெஞ்சவும் இல்லை.

"மருந்து குடுத்துட்டேன். நெத்தி ஜில்லுன்னு இருக்கு, தொட்டுப் பாரு," என்றாள். "எங்க வூட்டுப் புள்ளைக்கு நான் கெடுதல் நெனைப்பேனா பிரியா?"

விஷ்ணுப்ரியா குழந்தையை வாங்கினாள். கழுத்தில் கை வைத்துப் பார்த்தாள், முதுகில் பார்த்தாள், பாதத்தில் பார்த்தாள். சூடு இல்லை. அப்புறம்தான் அழுதாள். பிறந்த நாளிலிருந்து கத்திரி படாத அந்த முடியில், மல்லிகைச் சரத்தில், முகத்தைப் புதைத்துக்கொண்டு, நடைமேடை முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி அழுதாள். தையல்நாயகி வேறு பக்கம் திரும்பி, வராத ஒரு போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள்.

அழுகை அடங்கியதும் தையல்நாயகி கேட்டாள். "புகார் எழுதிக்கட்டுமா? ரெண்டு பேர் மேலயும் எழுதலாம். நீங்க சொன்னா இப்பவே எழுதறேன்."

தனக்கோடி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"வேணாம் மேடம். கேஸ், கோர்ட்டுன்னு இவனை வச்சு இன்னொரு சண்டை வேணாம்." குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். "ஆனா நாளைக்கு மொட்டை இல்ல."

"பிரியா, நாள் குறிச்சாச்சே," என்றான் அண்ணன். "திருநீர்மலைலயே வச்சுக்கலாம். நீ சொன்ன மாதிரியே. நான் வந்து உக்காந்துட்டு, பேசாமப் போயிடறேன்."

"முடி இருக்கட்டும். இவன் வளரட்டும். யார் மடில உக்காரணும்னு இவனே சொல்ற வயசு வரட்டும்."

கடற்கரைக்குப் போகும் வண்டி எதிர் நடைமேடையில் வந்து நின்றது. அவள் பாலம் ஏறி இறங்கிப் பெண்கள் பெட்டியில் ஏறினாள். தையல்நாயகி பின்னால் போய், அவளுக்கு ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு இறங்கினாள். ஸ்ரீநிவாசன் பைகளைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்து பெட்டிக்கு வெளியே நின்றிருந்தான். பைகளை உள்ளே தள்ளினான். அவள் அவற்றைக் காலால் இழுத்து வைத்துக்கொண்டாள்.

வண்டி அசைந்தபோது குழந்தை விழித்துவிட்டது. கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே பார்த்தது. தெரிந்த முகத்தைக் கண்டதும் ஜன்னல் கம்பி வழியாக இரண்டு கையையும் நீட்டி, "மாமா, தூக்கு," என்றது.

ஸ்ரீநிவாசன் கூடவே நான்கு எட்டு ஓடினான். கதவுக் கம்பியில் கை வைத்தான். விஷ்ணுப்ரியா அவனை நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துவிட்டு, நீட்டிய அந்த இரண்டு சின்னக் கைகளையும் மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டாள். அவன் கம்பியை விட்டுவிட்டான்.